கோதுமை விதைத் தேர்வும் துரு நோயும்

சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்



நமது கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பதிவேட்டில் விதை என்பது ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. தணிக்கைக்காக நான் செல்லும் சங்கங்களிற் பெரும்பாலானவற்றில், "விதைக்காக" என்னும் ஒரு சொல்லும் அதற்கு நேரே ஒரு தொகையுமே எழுதப்பட்டிருக்கக் காண்கிறேன். எந்த ரகத்து விதை, எங்கிருந்து வந்தது, எந்த நோயைத் தாங்கவல்லது என்னும் விவரங்கள் அங்கே இருப்பதில்லை. மகசூல் குறைந்து தவணை தவறும் காலத்தில், பஞ்சாயத்தார் அந்த அங்கத்தினருடைய நாணயத்தைப் பற்றி விசாரிக்கிறார்களேயன்றி, அவர் விதைத்த ரகத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பது மனிதனுடைய நாணயத்தை மாத்திரம் பொறுத்ததன்று. அவன் நிலத்தில் இட்ட விதையின் நாணயத்தையும் பொறுத்ததாகும். ஆகையால் விதைத் தேர்வைப் பற்றி ஒரு பாடம் எழுத எண்ணினேன்.

பாடத்திற்கு உதாரணமாகக் கோதுமைப் பயிரை எடுத்துக்கொள்கிறேன். நம்மிற் பெரும்பாலோர் நெல்லும் கம்பும் சோளமும் பயிரிடுகிறவர்கள். ஆயினும் கோதுமையைத் தெரிந்துகொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நல்ல மகசூல் கொடுத்து எல்லோராலும் புகழப்பட்ட ஒரு விதை எவ்வாறு சில ஆண்டுகளில் நோய்க்கு இரையாகும் என்பது, பஞ்சாப், ஹரியானாப் பிரதேசங்களின் கோதுமைச் சரித்திரத்தில் தெளிவாய் விளங்குகிறது. அன்றியும், அந்தப் பயிரைத் தாக்கும் துரு நோய்களிற் சிலவற்றிற்கு நமது நீலகிரியும் பழனி மலையும் இருப்பிடங்களாயிருக்கின்றன. முன்னதை முதலிலும் பின்னதை இறுதியிலும் கூறுவேன்.

1. துரு நோய் மூன்று வகை

கோதுமையைத் தாக்கும் துரு நோய் ஒருவகைப் பூஞ்சக் காளானால் உண்டாவது. இரும்பில் துருப் பிடித்தாற்போல இலையிலும் தண்டிலும் கொப்புளங்கள் தோன்றி, அவை வெடித்துத் தூள் உதிர்வதால் இப்பெயர் வந்தது. அந்தத் தூளே நோயின் வித்து. காற்று அதை வயலுக்கு வயலும், ஜில்லாவுக்கு ஜில்லாவும் கொண்டுபோகும். பனியினாலோ மழையினாலோ இலை நனைந்திருந்தால் வித்துத்தூள் முளைத்து உள்ளே புகும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் புதிய கொப்புளங்கள் தோன்றி, மேலும் பல்லாயிரம் வித்துக்களைக் காற்றில் விடும்.

மஞ்சள் துருவானது குளிர்ச்சியை விரும்புவது. 10 முதல் 15 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் நன்கு பரவும். இலையில் மஞ்சள் நிறக் கொப்புளங்கள் தையல் போட்டாற்போல வரிவரியாக நிற்கும். இளம் பயிரில் மாத்திரம் வரிசை தெளிவாய் இராது. பழுப்புத் துருவானது சற்று மிதமான வெப்பத்தில், இலையின் மேல் சிதறிய புள்ளிகளாகத் தோன்றும். கருந்துருவோ இன்னும் அதிக வெப்பத்தை விரும்பித் தண்டையே பற்றும். தண்டு ஒடியும், மணி சுருங்கிப் பதராகும். 1946-47-ஆம் ஆண்டில் மத்திய இந்தியாவில் கருந்துரு கொள்ளைநோயாகப் பரவிக் கோதுமைக்குப் பெருஞ் சேதம் விளைத்தது.

பயிர் மஞ்சளானதெல்லாம் துரு என்று எண்ணலாகாது. தழைச்சத்துக் குறைந்தாலும், நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். சந்தேகப்படும் இலையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் பொடி துணியில் ஒட்டினால் துரு. ஒட்டாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. துரு நோய் விதையின் வழியாக வருவதன்று. காற்றின் வழியாக வருவது. ஆகவே விதைக்கு மருந்து கலந்து விதைத்தோம், இனித் துரு வாராது என்று நம்பியிருப்பது வீண். விதைக்குள்ளிருந்தே வருவது கரிப்பூட்டை போன்ற வேறு நோய்களாம். கரிப்பூட்டைக்கு, வெயில் கடுமையான நாளில் விதையைக் காலையில் நான்கு மணி நேரம் நீரில் ஊறவைத்துப் பின் கடும் வெயிலில் உலர்த்தும் எளிய முறையை, 1930-களில் பஞ்சாபில் லூத்ரா என்னும் விஞ்ஞானி பரப்பினார். அந்த முறையால் துரு நீங்காது. ஒவ்வொரு நோய்க்கும் அதன் வழியை அறிந்து பரிகாரம் தேட வேண்டும்.

2. முந்திய விதைப்பும் அதன் லாப நஷ்டமும்

வடமேற்குச் சமவெளியில் கோதுமை வழக்கமாக நவம்பர் மாதத்தில் விதைக்கப்படும். சமீப ஆண்டுகளில், கூதிர் காலத்தின் தொடக்கத்திலேயே, அதாவது அக்டோபர் 25-ஆம் தேதி முதல் நவம்பர் 5-ஆம் தேதிக்குள் விதைப்பது பரவிவருகிறது. நமது கணக்கில் இது ஐப்பசி 8-ஆம் தேதி முதல் 19-ஆம் தேதி வரையாகும். மார்ச்சு மாதத்து வெப்பமே இதற்குக் காரணம். மணி பால் பிடித்து முதிரும் தறுவாயில் அனல் வீசினால் மணி நிறையாமல் சுருங்கிவிடும். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அத்தகைய கொடிய வெப்பம் நிலவி, வடநாட்டில் கோதுமை மகசூல் குறைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இந்திய சர்க்கார் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. முன்னதாக விதைத்தால், வெப்பம் வருமுன் மணி நிறைந்துவிடும் என்பது கருத்து.

ஆனால் முன்னதாக விதைப்பதற்கு எந்த ரகமும் உதவும் என்று எண்ணலாகாது. குறுகிய வயதுடைய ரகத்தை அக்டோபரில் விதைத்தால், அது காலத்திற்கு முன்பே கதிர் தள்ளி, ஜனவரியின் கடுங்குளிரில் அகப்பட்டு மணி கட்டாமற்போகும். எனவே நீண்ட வயதுடைய ரகமே வேண்டும். இந்தத் தேவைக்கென்று டி.பி.டபிள்யூ. 187, டி.பி.டபிள்யூ. 303, டபிள்யூ.எச். 1270 முதலிய ரகங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன. இவை முதிர ஏறக்குறைய 155 நாட்கள் ஆகின்றன. செழிப்பான நிலத்தில் இவை உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நோயின் பக்கம் நோக்குவோம். ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்த பயிர், மார்கழி, தை மாதத்துப் பனியில் நெருங்கித் தழைத்து நிற்கும். மஞ்சள் துருவுக்கு ஏற்ற குளிரும் ஈரமும் அப்போதே உண்டு. இமயமலை அடிவாரத்தை ஒட்டிய ரூப்நகர், அம்பாலா, யமுனாநகர் முதலிய ஜில்லாக்களில் நோய் முதன்முதல் தென்படுவது பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலுமாம். ஆதலால் முந்திய விதைப்பின் லாபத்தை அடைய விரும்புகிறவன், மஞ்சள் துருவைத் தாங்கும் ரகத்தையே தேட வேண்டியவனாகிறான். வெப்பத்திலிருந்து தப்பி நோயின் வாயில் விழுவதில் பிரயோஜனம் இல்லை.

3. பெயர் பெற்ற ஒரு ரகத்தின் சரித்திரம்

பஞ்சாப் விவசாய சர்வகலாசாலை 1995-ஆம் ஆண்டில் பி.பி.டபிள்யூ. 343 என்னும் ரகத்தை வெளியிட்டது. மகசூல் அதிகம், அப்போது நிலவிய துரு இனங்களைத் தாங்கும் சக்தியும் அதற்கு இருந்தது. விவசாயிகள் அதை விரும்பி ஏற்றனர். அண்டை வீட்டார் விதைத்ததைக் கண்டு அடுத்த வீட்டாரும், அடுத்த கிராமத்தைக் கண்டு அதற்கு அடுத்த கிராமமும் விதைத்தன. அது உச்ச நிலையிலிருந்தபோது சுமார் 70 லட்சம் ஹெக்டேர், அதாவது ஒரு கோடியே எழுபது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், அந்த ஒரே ரகம் நின்றதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

2001-ஆம் ஆண்டில் பஞ்சாபின் படாலா வட்டாரத்தில் மஞ்சள் துருவின் ஒரு புதிய இனம் கண்டுபிடிக்கப்பட்டது. பி.பி.டபிள்யூ. 343-இன் தடையை மீறவல்ல இனம் அது. அப்போதே ஆபத்து தொடங்கியதாயினும், வயல்களில் அது உடனே புலப்படவில்லை. ரகம் நன்றாகவே விளைந்துகொண்டிருந்ததால் எவரும் அதை விட மனங்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் அடிவார ஜில்லாக்களில் நோய் அடிக்கடி தலைகாட்டிற்று. 2010-11-ஆம் ஆண்டுப் பருவத்தில் பஞ்சாப், ஹரியானா, ஜம்மு ஆகிய பிரதேசங்களில் மஞ்சள் துரு பரவலாகத் தோன்றி, விவசாயிகள் தெளிப்பு மருந்தைத் தேடி அலைய நேர்ந்தது.

அதன் பின்னர் 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.டி. 2967 முதலிய ரகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. எச்.டி. 2967-உம் மிக வேகமாகப் பரவி, லட்சக் கணக்கான ஏக்கர்களில் நின்றது. சில ஆண்டுகளுக்குள் அதையும் தாக்கும் புதிய மஞ்சள் துரு இனங்கள் தோன்றின. முதற் கதையே மறுபடியும் நடந்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? விதை கெட்டுவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. விதை கெடவில்லை. 1995-இல் இருந்த விதையே 2010-இலும் இருந்தது. மாறியது காளான். பூட்டு ஒன்றேயாயிருக்க, திருடன் புதிய சாவி செய்துகொண்டான். நாடெங்கும் ஒரே பூட்டு மாட்டியிருந்தபடியால், ஒரு சாவி எல்லாக் கதவுகளையும் திறந்தது. நோயைத் தாங்கும் சக்தி என்பது விதைக்கு என்றைக்குமாக எழுதிக் கொடுத்த சாசனமன்று. இன்று நிலவும் நோய் இனங்களுக்கு எதிராக இன்று செல்லுபடியாகும் சீட்டு. அதை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பார்க்க வேண்டும்.

4. தாங்கும் சக்தி இரு வகை

கோதுமை மஞ்சள் துருவைத் தாங்கும் குணம் தலைமுறை தலைமுறையாக ஒழுங்கான விதிப்படி இறங்குவது என்பதை 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிப்பன் என்னும் விஞ்ஞானி நிரூபித்தார். அது முதல் தாங்கும் குணமுள்ள செடியோடு நல்ல மகசூல் தரும் செடியை ஒட்டுச் சேர்த்துப் புதிய ரகங்களை உண்டாக்கும் வேலை நடந்துவருகிறது. அக்குணம் இருவகைப்படும்.

ஒரு வகை, நாற்றுப் பருவம் முதல் அறுவடை வரை நோயை முற்றிலும் தடுப்பது. வயலைப் பார்த்தால் ஒரு புள்ளியும் இராது. ஆனால் இது குறிப்பிட்ட சில துரு இனங்களுக்கு எதிராக மாத்திரம் வேலை செய்யும். இதற்கு ஏற்ற புதிய இனம் ஒன்று தோன்றினால் தடை முழுவதும் ஒருசேர வீழ்ந்துவிடும். மேலே சொன்ன பூட்டு இதுவே.

மற்றொரு வகை, பயிர் வளர்ந்த பின்னரே வெளிப்படுவது. இது நோயை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கும். கொப்புளங்கள் சிறியனவாகவும், குறைவாகவும், காலந் தாழ்த்தும் தோன்றும். அறுவடைக்குள் நோய் பெருஞ் சேதம் செய்ய நேரம் கிடையாது. கதவைப் பூட்டுவதற்குப் பதிலாக வழியெல்லாம் முள்வேலி இடுவது போன்றது இது. திருடன் ஒரு சாவி செய்து இதைக் கடக்க முடியாது. எல்.ஆர். 34 என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட ஒரு குணக்கூறு இவ்வகையைச் சேர்ந்தது. அது பழுப்புத் துருவை மட்டுமன்றி மஞ்சள் துருவையும் ஓரளவு தாங்கச் செய்வது. நூறாண்டுகளாகப் பல தேசங்களில் கோதுமை ரகங்களில் இருந்தும், அதை முற்றிலும் வெல்லும் துரு இனம் தோன்றவில்லை. இத்தகைய கூறுகள் இரண்டு மூன்று சேர்ந்துள்ள ரகம் நிலைத்த பயன் தரும்.

ஆகவே வயலில் ஒரு புள்ளியும் இல்லாத பயிரே சிறந்தது, நாலு புள்ளி கண்ட பயிர் தாழ்ந்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லலாகாது.

5. சோதனைப் பட்டியலை வாசிக்கும் விதம்

ஆராய்ச்சி நிலையங்கள் ஒவ்வொரு ரகத்தையும் பல ஊர்களில் வேண்டுமென்றே நோய் உண்டாக்கிச் சோதித்து, அதன் முடிவை எண்ணும் எழுத்துமாகக் குறிக்கின்றன. எண் என்பது, இலைப் பரப்பில் நோய் எவ்வளவு என்று ஒழுங்கான அளவுப் படத்தோடு ஒப்பிட்டுக் கண்ட விகிதம். எழுத்து என்பது, செடி எவ்வாறு எதிர்த்து நின்றது என்பதன் குறிப்பு. நன்றாகத் தாங்கியதற்கு 0.2, ஓரளவு தாங்கியதற்கு 0.4, ஓரளவு ஆட்பட்டதற்கு 0.8, முற்றிலும் ஆட்பட்டதற்கு 1 என்று மதிப்பு வைத்து எண்ணோடு பெருக்க வேண்டும். வரும் தொகை எவ்வளவு குறைவோ, ரகம் அவ்வளவு நல்லது.

கற்பனையாக இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். மூன்று ஊர்களில் "க" என்னும் ரகத்திற்கு, முதலாவது ஊரில் 5, ஓரளவு தாங்கியது. இரண்டாவதில் 10, ஓரளவு தாங்கியது. மூன்றாவதில் 40, முற்றிலும் ஆட்பட்டது. பெருக்கினால் 2, 4, 40. மொத்தம் 46, சராசரி 15-க்குச் சற்று மேல். "ச" என்னும் ரகத்திற்கு மூன்று ஊர்களிலும் முறையே 20, 20, 10. எல்லாவற்றிலும் ஓரளவு ஆட்பட்டது. பெருக்கினால் 16, 16, 8. மொத்தம் 40, சராசரி 13-க்குச் சற்று மேல்.

சராசரியை மாத்திரம் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் "க" ரகம் இரண்டு ஊர்களில் மிக நன்றாக நின்று, மூன்றாவது ஊரில் அடியோடு வீழ்ந்திருக்கிறது. அதன் பொருள் யாதெனில், அதன் பூட்டுக்கு ஏற்ற சாவி அந்த ஊரில் வந்திருக்கக்கூடும் என்பதே. இன்று அந்த ஊருக்கு வந்தது நாளை மற்ற ஊர்களுக்கும் வரும். "ச" ரகமோ எங்கும் கொஞ்சம் நோய் கண்டு, எங்கும் வீழாமல் நின்றிருக்கிறது. ஆதலால் பட்டியலில் சராசரியோடு மிக உயர்ந்த எண்ணையும், அது எந்த ஊரில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அது நமது ஊருக்குச் சமீபமானதாயிருந்தால், மகசூல் எண் எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்த விதையை வாங்கத் தயங்க வேண்டும்.

இப்பட்டியல்களைக் கர்னாலிலுள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிலையமும், அந்தந்த மாகாணத்து விவசாய சர்வகலாசாலைகளும் வெளியிடுகின்றன. நாடெங்கும் சேகரித்த துரு இனங்களைப் பிரித்தறியும் வேலை சிம்லாவிலுள்ள பிளவர்டேல் நிலையத்தில் நடைபெறுகிறது. மேலே நான் எழுதிய ரகங்களின் பெயர்களையும் கட்டளையாகக் கொள்ளாமல், விதைக்கும் ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

6. இது ஏன் சங்கத்தின் காரியம்?

"என் நிலம், என் விதை, நான் எதை விதைத்தால் சங்கத்திற்கு என்ன?" என்று ஒரு அங்கத்தினர் கேட்கலாம். நெருப்பைப் பற்றி எவரும் அவ்வாறு கேட்பதில்லை. ஒரு கூரையில் பற்றிய நெருப்பு அடுத்த கூரைக்குத் தாவும் என்பது எல்லோருக்கும் தெரியும். துருவும் அப்படியே. நோய்க்கு ஆட்படும் ரகம் ஒருவர் வயலில் நின்றால், அங்கே பெருகும் வித்துத்தூள் ஊர் முழுவதும் பறக்கும். மறுபுறம், ஊரார் அனைவரும் ஒரே நல்ல ரகத்தை விதைத்தாலும் ஆபத்தே. அந்த ஒரு பூட்டுத் திறந்தால் அனைவரும் ஒரே நாளில் நஷ்டமடைவர். தனி மனிதன் தன் புத்தியால் இவ்விரண்டையும் தவிர்க்க இயலாது. கூடி யோசித்துச் செய்ய வேண்டியது இது. கூடி யோசிப்பதற்கென்றே சங்கம் ஏற்பட்டிருக்கிறது.

வடநாட்டுச் சங்கம் ஒன்றில் 60 அங்கத்தினர்களும், அவர்களுக்கு ஆளுக்கு 5 ஏக்கராக 300 ஏக்கர் கோதுமை நிலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 40 கிலோ விதை. மொத்தம் 12,000 கிலோ வேண்டும். இந்தச் சங்கம் செய்யத்தக்கவை பின்வருமாறு:

(அ) ஆவணி மாதத்திலேயே பஞ்சாயத்தார் கூடி அவ்வாண்டின் ரகப் பட்டியலைத் தருவித்து வாசிக்க வேண்டும். விதைக்கும் வாரத்தில் கடைக்கு ஓடுகிறவனுக்குக் கடையில் மீந்திருப்பதே கிடைக்கும்.

(ஆ) முந்திய விதைப்புக்கு ஏற்ற நீண்ட வயதும், மஞ்சள் துருவைத் தாங்கும் குணமும் உடைய மூன்று ரகங்களைத் தெரிந்தெடுத்து, 4,000 கிலோ வீதம் வாங்கி, அடுத்தடுத்த வயல்களில் ஒரே ரகம் நீளாதபடி பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒன்றின் தடை வீழ்ந்தாலும், மற்ற இரண்டு பங்கு நிலம் நிற்கும். நோயின் தூள் பறந்து விழும் இடமெல்லாம் அதற்கு இரையாகாதபடியால் அதன் வேகமும் குறையும்.

(இ) மூன்றும் பெயரில் மாத்திரம் வேறாக இராமல், வம்சத்திலும் வேறாக இருக்கின்றனவா என்று விவசாய அதிகாரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தாயின் மக்கள் மூவரை வாங்கினால், மூன்று கதவுக்கும் ஒரே பூட்டு மாட்டியதாகும்.

(ஈ) முத்திரையிட்ட விதையே வாங்கினாலும், 100 மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பைச் சோதிக்க வேண்டும். 85-க்குக் குறைந்தால் விதையைத் திருப்பிவிட வேண்டும். கோதுமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதாதலால், நல்ல வயலின் விதையை அங்கத்தினர் எடுத்து வைத்து மறு ஆண்டும் விதைக்கலாம். ஆனால் கலப்பு நேராதபடி தனியே அடித்து, தனியே சேமித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய விதை வாங்க வேண்டும்.

(உ) மார்கழி நடுவிலிருந்து வாரம் ஒருமுறை இரண்டு அங்கத்தினர்கள் முறைவைத்து வயல்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மரநிழல் விழும் ஓரங்களையும் ஈரமான மூலைகளையும் முதலிற் பார்க்க வேண்டும். துணியில் மஞ்சள் பொடி ஒட்டினால் அன்றைக்கே காரியதரிசிக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு திட்டாயிருக்கும்போதே புரோப்பிகோனசோல் என்னும் மருந்தை ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் நீரில் கலந்து தெளித்தால் நோயை அடக்கலாம். ஊர் முழுவதும் பரவிய பின் தெளிப்பதில் செலவு அதிகம், பயன் சொற்பம்.

(ஊ) விதைக் கடன் பதிவேட்டில் ரகத்தின் பெயர், வாங்கிய இடம், விதைத்த தேதி, நோய் கண்ட தேதி, ஏக்கர் மகசூல் என்று ஐந்து பத்திகள் சேர்க்க வேண்டும். மூன்று ஆண்டுகள் இவ்வாறு எழுதினால், எந்த ரகம் தன் மண்ணில் தளர்ந்துவருகிறது என்பதைச் சங்கம் தன் ஏட்டிலிருந்தே அறியும். முதல் ஆண்டு நோயில்லை, இரண்டாம் ஆண்டு மாசியில் கண்டது, மூன்றாம் ஆண்டு தையிலேயே கண்டது என்று ஏடு சொல்லுமாயின், மகசூல் இன்னும் குறையாவிட்டாலும் அந்த ரகத்தை விடும் காலம் வந்துவிட்டது. 2001-க்கும் 2010-க்கும் இடையே பஞ்சாப் விவசாயிகளின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதிருந்தது இத்தகைய செய்தியேயாகும்.

7. நமது மலைகளின் சம்பந்தம்

வடநாட்டுச் சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவின் வித்துக்கள் பிழைப்பதில்லை. அப்படியிருக்க, ஆண்டுதோறும் நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரியில் பேராசிரியராயிருந்த கே. சி. மேத்தா என்பவர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் மலை மலையாகச் சென்று ஆராய்ந்தார். கோடையிலும் குளிர்ச்சி மாறாத மலைகளில், பருவமல்லாக் காலத்துக் கோதுமையிலும், தானே முளைத்த செடிகளிலும் துரு பிழைத்திருந்து, பின்னர்ச் சமவெளிக்கு இறங்குகிறது என்று அவர் கண்டார். அவருடைய விரிவான நூல் 1940-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மஞ்சள் துருவுக்கு இமயமலைத் தொடர் இருப்பிடம். கருந்துருவுக்கு முக்கியமான இருப்பிடம் நமது நீலகிரியும் பழனி மலையுமாம். பழுப்புத் துருவும் இங்கே ஆண்டு முழுவதும் வாழ்கிறது.

நமது மலைகளிலிருந்து வித்துத்தூள் எவ்வாறு வடக்கே செல்கிறது என்பதை 1970-களில் விஞ்ஞானிகள் விளக்கினர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் எழும் புயற்காற்றுகள் இத்தூளைச் சுமந்து சென்று, மத்திய இந்தியாவில் மழையோடு கூட வயல்களில் இறக்குகின்றன. நமக்கு மழை தரும் புயலே அங்குள்ள கோதுமைக்கு நோயையும் கொண்டுபோகிறது. ஆதலால் நீலகிரியில் ஒருவர் எந்த ரகத்தை விதைக்கிறார் என்பது, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு விவசாயியின் வீட்டு அடுப்பைப் பொறுத்த விஷயமாகிறது.

இதை உத்தேசித்தே நீலகிரி வெல்லிங்டனில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று நடைபெற்று வருகிறது. துரு ஓயாது வாழும் இடமாதலால், எந்த ரகம் தாங்கும் என்று சோதிக்க அதைவிட ஏற்ற இடம் அரிது. அங்கே உருவான ரகங்களின் பெயர்கள் எச்.டபிள்யூ. என்று தொடங்கும். மலையிலே ஒருவகைத் தடையுள்ள கோதுமையும், சமவெளியிலே வேறுவகைத் தடையுள்ள கோதுமையும் நின்றால், மலையில் பெருகிய இனம் சமவெளியில் இரை காணாது. துருவின் வழி இடையிலேயே அறுபடும் என்பது அவ்விடத்தார் அனுசரித்துவந்த கொள்கையாம்.

நமது பெரியோர் பயிரிட்ட சம்பா கோதுமையையும் இங்கே நினைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் கப்ளி என்று வழங்குவதும் இந்த இனமே. கருந்துருவைத் தாங்கும் குணம் இதற்கு உண்டு. கப்ளியிலிருந்து எடுத்த குணக்கூறுகள் பிற தேசங்களிலும் ஒட்டு ரகங்களுக்கு உதவியிருக்கின்றன. பழைய விதை என்று இகழ்ந்து ஒரு இனத்தை அழியவிட்டால், நாளை வேண்டும் பூட்டை நாமே எறிந்தவர்களாவோம். மலைநாட்டு அங்கத்தினர்கள் இந்த விதையைச் சிறிதளவேனும் காப்பாற்றி வருவது நலம். அறுவடைக்குப் பின் தானே முளைத்து நிற்கும் கோதுமைச் செடிகளைப் பிடுங்கிவிடுவதும் நலம்.

8. நெல்லும் பிற பயிரும் பயிரிடுவோர்க்கு

கோதுமையே பயிரிடாத அங்கத்தினர்களுக்கும் இந்தப் பாடம் உரியதே. நெல்லின் குலைநோயும் காற்றில் பரவும் காளானால் வருவது. அதிலும் பல இனங்கள் உண்டு. ஒரு ரகத்தின் தடை அங்கும் நாளடைவில் வீழும். ரகத்தை ஆண்டுதோறும் பட்டியலோடு ஒப்பிடுதல், ஒரே ரகத்தை ஊர் முழுவதும் விதையாமை, வயலைச் சுற்றிப் பார்த்தல், ஏட்டில் எழுதுதல் ஆகிய நான்கும் எந்தப் பயிருக்கும் பொருந்தும்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற பருவத்தில் நமது சங்கத்தில் விதைக்கடன் பெற்றோர் எந்த எந்த ரகங்களை விதைத்தனர்? ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

2. நமது கிராமத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் ஒரே ரகம் நிற்கிறதா? எத்தனை ஆண்டுகளாக?

3. அந்த ரகத்தில் நோய் முதலிற் கண்ட மாதம் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறி வருகிறதா?

4. அடுத்த பருவத்திற்கு எந்த மூன்று ரகங்களை வாங்கலாம்? அவற்றின் வம்சம் வெவ்வேறா?

5. வயல்களைச் சுற்றிப் பார்க்க முறைவைத்து எவரை நியமிக்கலாம்?

முதல் வினாவுக்கு ஏட்டில் விடையில்லாத சங்கம், மற்ற நான்கிற்கும் முன் பதிவேட்டில் ஐந்து பத்திகளைக் கோடிட்டுத் தொடங்குவதே முதற்காரியமாகும். அடுத்த தணிக்கைக்கு வரும்போது கடன் தொகையோடு ரகத்தின் பெயரையும் நான் கேட்பேன்.